கேத்தலுக்கு வேறு வயர்

"ஜெயந்தி மோசம் போயிட்டா." எங்கள் ஆஸ்பத்திரி இரத்த வங்கியில் வேலை செய்யும் ரிஸ்வி போனில் சொன்னபோது, நான் மண்முனைப் பாலத்தில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தேன். அவள் செத்துப்போனாள் என்று கேட்டதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. போன கிழமை வார்டில் படுத்துக்கொண்டு, "சுகமாகி வாறன், என்ட கதிரையில இரிக்காத புள்ள" என்று சொன்னவள் அவள். அவளை "அவர்" என்று எழுத எனக்கு வராது. கணினிப் பிரிவில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து நாள்தோறும் சண்டை பிடித்த சிநேகிதிகள் நாங்கள்.

அவளைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் பிரிவில் நடந்த அந்த வாணி விழாவும் ஞாபகம் இருக்கும். பூசைக்கு மின்னும் பல்புகள், தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தல், எல்லாவற்றையும் யாரோ சேர்வர் அலுமாரிக்குப் பின்னால் தொங்கிய பிளக் போர்டில் குத்திவிட்டார்கள். ஒரே அடியாகச் சேர்வர் உட்பட எல்லாம் நின்றது. பிரசவ வார்டில் ஒரு தாய்க்கு இரத்தம் போய்க்கொண்டிருந்த நேரம். என்ன இரத்தம் இருக்கிறதென்று கணினியில் பார்க்க முடியாமல், ரிஸ்வி ஒவ்வொரு பையாகக் கையால் தேடி எடுத்தார். அந்தத் தாய் தப்பியது கடவுள் செயல்.

யார் குத்தியது என்று கண்டுபிடித்து நாலு கேள்வி கேட்க நான் புறப்பட்டேன். ஜெயந்தி தடுத்துவிட்டாள். "ஆரெண்டு கேட்டு என்ன புள்ள? ஆக்களத் திருத்த ஏலா. ஓட்டையத் திருத்துவம்."

புதிய போர்டு தெரிவு செய்ய அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நிறைய ஓட்டைகளும் ஒரு சிவப்புச் சுவிட்சும் உள்ளதுதான் எல்லோருக்கும் பிடித்தது. கை படுகிற இடத்தில் சுவிட்ச் இருந்தால் யாராவது நிப்பாட்டிப் பார்ப்பார்கள் என்று அவள் அதை ஒதுக்கினாள். சேர்வருக்கு இரண்டு வயர் இருப்பதால் போர்டும் இரண்டு வேண்டும், ஒன்று கரண்ட் லைனில், மற்றது பற்றரி லைனில் என்றாள். ஒன்று விழுந்தால் மற்றது முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும், ஆகவே இரண்டிலும் பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது. பாரத்தைக் காட்ட ஒரு சின்னத் திரை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணினி வயர் மட்டும் நுழையும் ஓட்டைகளாக இருக்க வேண்டும்.

"ஒரு போன்கூடச் சார்ஜ் போட ஏலாத போர்ட் என்னத்துக்கு?" என்று ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் எரிந்து விழுந்தார். "அதுக்குத்தான் சேர்" என்றாள்.

எனக்கும் எரிச்சல்தான். நம்முடைய தேத்தண்ணி என்னாவது? ஆனால் போர்டு வருவதற்கு முன்பே, வெளி விறாந்தையில் கேத்தலுக்கென்று வேறு லைனில் தனி வயர் இழுப்பித்திருந்தாள். தேத்தண்ணி இல்லாவிட்டால் நான் ஆட்களைக் கடித்துவிடுவேனாம்.

அதன் பிறகும் தினமும் காலையில் அலுமாரிக்குப் பின்னால் போய், ஒவ்வொரு பிளக்கிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. திரைதான் காட்டுதே, இதென்ன வைத்தியம் என்று கேலி செய்வேன். திரை பாரத்தைத்தான் காட்டும், லூசான பிளக் சுடுவதைக் காட்டாது என்பாள். அவள் சொன்னது சரிதான்.

அவள் வார்டில் கிடந்த நாட்களில் மாரி மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. இரத்த வங்கிக் கணினி ஒரு தரமும் அணையவில்லை. அவளுக்குக் கேட்ட இரத்தம் கேட்டவுடன் வந்தது. அவள்தான் நிற்கவில்லை.

பழுகாமத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். அவளைக் கிடத்தியிருந்த தலைமாட்டில் மின்விசிறி, முற்றத்து லைட்டுகள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போடக் கேத்தல், எல்லாம் ஒரே பிளக் போர்டில். புறங்கை தானாகப் பிளக்குக்குப் போனது. சுட்டது. யாரிடமும் கேட்காமல் கேத்தலைக் கழற்றிக் குசினியில் கொண்டுபோய்க் குத்தினேன். ரிஸ்வி பார்த்துக்கொண்டு நின்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் புறங்கைப் பழக்கம்தான். கொஞ்ச நேரம் கழித்து வந்து திரும்பவும் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடு ஆறியிருந்தது. நிம்மதியாக இருந்தது. அதே கையை அவள் நெற்றியில் வைத்தேன். அதுவும் குளிர்ந்திருந்தது.