மனைவி பேச்சில் வந்த தூக்கம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லித் தேடினால் கிடைக்கமாட்டாள். 'பசை அக்கா' என்று கேட்டால் லிஃப்ட்காரர்கூட வழி காட்டுவார். தலையில் சின்னச் சின்ன உலோக வில்லைகளைப் பசை தடவி ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைக் கோடு கோடாகப் பதிவுசெய்வது அவள் வேலை. அதற்கு முன் பல வருஷம் படுக்கையில் கிடந்தவர்களைப் புரட்டிக் குளிப்பாட்டியவள். முதுகு மக்கர் பண்ணியதும் இதைக் கற்றுக்கொண்டாள். "முன்னாடி முழு உடம்பு, இப்ப கழுத்துக்கு மேல மட்டும். சம்பளம் குறையலை" என்பாள்.

பதிவில் என்ன தெரிகிறது என்று நோயாளியிடம் மூச்சு விடமாட்டாள்; அது டாக்டர் சொல்ல வேண்டியது. தலையில் பசையோடு யாரையும் வெளியே அனுப்பவும் மாட்டாள்.

அன்று வந்தவர் கிரேன் ஓட்டுபவர். கட்டடத்துக்கு மேலே கூண்டில் உட்கார்ந்து இரும்பு தூக்குகிறவர். போன மாதம் கீழே சாப்பாட்டு வரிசையில் நின்றவர் மயங்கி விழுந்தார். கைகால் இரண்டு உதறு உதறியது. வலிப்பு இல்லை என்று டாக்டர் எழுதித் தந்தால்தான் கூண்டு, அதுவும் இந்த வாரத்துக்குள், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

முந்தின ராத்திரி பாதித் தூக்கம்தான் தூங்க வேண்டும், காப்பி கூடாது, தலையில் எதுவும் தடவக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். விழித்திருக்கும்போது பதுங்குகிற கோளாறு தூக்கம் வரும்போது சில சமயம் தலை காட்டும். அதனால் இங்கே வந்து தூங்க வேண்டும். மனுஷர் நன்றாகத் தூங்கி எழுந்து, இரண்டு காப்பி குடித்து, தலையில் கிரீம் பூசிப் பளபளவென்று வந்து நின்றார்.

"ஆள் தெம்பா இருக்கான்னு தெரியணுமில்ல சிஸ்டர்?"

"பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்றாள் பசை அக்கா.

"நானும் சொன்னேன்," என்றாள் கூட வந்த மனைவி. "சுவத்துக்குச் சொன்ன மாதிரிதான்."

மனைவியை வெளியே உட்காரவைத்தாள். சொந்தக்காரர்கள் உள்ளே இருக்கக்கூடாது என்பது அறையின் வழக்கம். கிரீமைக் கழுவி, அளந்து குறியிட்டு, வில்லைகளை ஒட்டினாள். திரையில் கோடுகள் முள்வேலிபோல் அடர்ந்து கருத்தன.

"பல்லைக் கடிக்காதீங்க."

"கடிக்கலையே."

"மெஷின் கோள் சொல்லுதே."

அவர் சிரித்தார், தாடை இளகியதும் வேலி கலைந்தது. கண்ணை மூடியபோது பின்மண்டைக் கோடுகளில் அமைதியான அலைகள் வரிசை கட்டின. தூக்கம் மட்டும் வந்தபாடில்லை. நிமிஷத்துக்கு ஒருதரம் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவள் முகத்தை நோட்டம் விட்டார்.

"என் மூஞ்சியில ஒண்ணும் எழுதலை. மூடுங்க."

நேரம் ஓடியது. இன்று தூங்காவிட்டால் அடுத்த முறை அடுத்த மாதம்தான். அதற்குள் கூண்டில் வேறு ஆள் ஏறிவிடுவார். வார்டில் எத்தனையோ பேரைத் தூங்கவைத்தவள் அவள். பழக்கமான சத்தம் இல்லாமல் கொட்டக் கொட்ட விழித்தவர்களைப் பார்த்திருக்கிறாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"வீட்ல எப்படிம்மா தூங்குவார்?"

"நான் பேச ஆரம்பிச்சாப் போதும், குறட்டை வந்துரும்."

"அப்ப உள்ள வந்து பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"வழக்கமா பேசுறதைத்தான்."

மனைவி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஒழுகுகிற குழாய், ஏணியை இரவல் வாங்கித் திருப்பித் தராத மைத்துனர், கல்யாணத்தில் நாத்தனார் பார்த்த பார்வை. அப்படியே போன மாதத்துக்கு வந்தாள். "ரெண்டு நாளா வயித்துப்போக்கு, பச்சைத்தண்ணிகூட நிக்கலை. வெயில்ல போகாதீங்கன்னேன், கேட்டாரா? போய் விழுந்தார்."

பசை அக்கா நிமிர்ந்தாள். "டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"சொல்ல விடலையே. வயித்துப்போக்கைச் சொல்ல வெக்கமாம்."

திரையில் அமைதி அலைகள் கரைந்து கோடுகள் மெதுவாகின. நூல் சுற்றிய கதிர்போல் நடுவில் பருத்து, இரண்டு முனையும் மெலிந்த அலைக்கொத்துகள் வந்தன. நல்ல தூக்கம். நிறுத்தாதீங்க என்று மனைவிக்குக் கை காட்டினாள். அவள் நாத்தனார் கதைக்குத் திரும்பிப் போனாள்.

எழுப்பியதும், "என்ன தெரியுது சிஸ்டர்?" என்றார்.

"நல்லாத் தூங்கினது தெரியுது. மிச்சத்தை டாக்டர் சொல்வார்." வெந்நீரில் பசையைத் துடைத்துத் தலை சீவிவிட்டாள். மனைவியைப் பார்த்து, "அந்த ரெண்டு நாள் கதையை டாக்டர்கிட்ட முதல்ல சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் பதிவைப் பார்த்தார்; வலிப்பின் தடம் இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று மனைவியிடம் துருவித் துருவிக் கேட்டார், இதயத்தையும் சோதித்தார். உடம்பில் நீர் வற்றி வந்த மயக்கம், மயக்கத்திலும் கைகால் உதறும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வாரக் கடைசிக்குள் கிரேன்காரர் கூண்டில் இருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து மனைவி கதவருகே எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, மறுபடி விழுந்தாரா?"

"இல்லக்கா. அந்தப் பதிவுல ஒரு காப்பி கிடைக்குமா?"

"எதுக்கு?"

"முப்பது வருஷமா நான் பேசுறதைக் கேட்டுட்டுதான் இருக்கேன்னு சாதிக்கிறார். ஆதாரம் வேணும்."