மாவுக்கு ஒரு கம்பளி

திண்டுக்கல் நாகல் நகரில் மகேஸ்வரியின் மாவுக் கடைக்குப் பெயர் கிடையாது. வாசல் பலகையில் ‘சோடா கலப்பதில்லை’ என்று மட்டும் சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருக்கும். அதுவே போதும் என்பது அவள் எண்ணம். அவள் மாவில் ஊற்றிய இட்லியை வாயில் போட்டவர்களும் பெயரைக் கேட்டதில்லை.

மார்கழி வந்தால் மட்டும் மாவு அவள் பேச்சைக் கேட்காது. திண்டுக்கல் குளிரைக் குளிர் என்று சொன்னால் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் சிறுமலைப் பக்கமிருந்து காற்று வந்துவிட்டால் ஊரே காதைப் பொத்திக்கொண்டு அலையும். மாவும் இந்த ஊர் மாவுதானே, அதற்கும் குளிரும்; பொங்காமல் அடம் பிடிக்கும். அதனால் ராத்திரி மாவு டிரம்மைச் சுற்றிக் கம்பளி போர்த்தியாக வேண்டும்.

வீட்டில் இருப்பது ஒரே கம்பளி. மார்கழியில்தான் மகேஸ்வரிக்குப் புத்தகம் படிக்கவும் ஆசை வரும். எனவே டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்து, அதையும் தன்னையும் சேர்த்துப் போர்த்திக்கொள்வாள். முகமும் புத்தகம் பிடித்த கையும் மட்டும் வெளியே தெரியும். குஜிலியம்பாறை ரோட்டில் மினி பஸ் ஓட்டும் அவள் புருஷன் முனியப்பன் வீட்டுக்கு வந்ததும் தினமும் கேட்பான்: “இதுல மாவு எது, நீ எது?”

புத்தகம் ஜோஸ்பின் டீச்சருடையது. பக்கத்துத் தெரு, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் ஒரு பொது அறிவுப் புத்தகம் இரவல் தருவார். தருவதற்கு முன் பின்னால் இருக்கும் விடைப் பக்கங்களை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார். “விடை தெரிஞ்சுட்டா கேள்வி செத்துப்போகும் மகேசு. பொங்கலுக்கு அப்புறம் வந்து வாங்கிக்க. போன்ல நீ விடை பாத்தது தெரிஞ்சுது, அடுத்த வருஷம் புத்தகம் கிடையாது.”

இடையிடையே கட்டம் கட்டி வரும் துணுக்குகளை மகேஸ்வரி மாவோடு சேர்த்து இலவசமாக விநியோகிப்பாள். “ஆக்டோபஸுக்கு மூணு இருதயமாம் தெரியுமா?” என்பாள். “ஒண்ண வச்சுக்கிட்டே நான் படுற பாடு போதும், மாவ ஊத்து” என்பார் வந்தவர்.

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஜோஸ்பின் வீட்டுக்கு முதல் தடவையாக, மகளைக் கட்டிக்கொடுத்த ஆத்தூர் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். காலையில் இட்லியும் கறிக்குழம்பும். “பக்கத்துத் தெருவுல ஒருத்தி மாவு ஆட்டுறா, இட்லி பஞ்சா இருக்கும்னு சொல்லிட்டேன். என் மானத்த வாங்கிராத” என்று சொல்லிப் பெரிய டிரம் நிறைய மாவு கேட்டிருந்தார். மகேஸ்வரிக்குப் பெருமை பிடிபடவில்லை. உளுந்தைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் ஊறப்போட்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் மாவைக் கரைத்து வைத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். ‘ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்புகள்?’ என்றிருந்தது. விடை ஏழு; நமக்கும் ஏழுதான். இதை யாரும் போய் அவளிடம் சொல்லிவிட வேண்டாம். அவள் தன் பிடரியைத் தடவிப் பார்த்தாள். அம்புட்டு நீளக் கழுத்துக்கு ஐம்பதாவது வேண்டாமா? முனியப்பனிடம் கேட்டதற்கு, “வேற வேலை இல்லயா ஒனக்கு?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்கக் குளிர் ஏறியது. கம்பளி கொஞ்சம் கொஞ்சமாக டிரம்மிலிருந்து அவள் பக்கம் வந்தது. அப்படியே தூங்கியும் போனாள்.

காலையில் மூடியைத் திறந்தால் மாவு பொங்காமல் ஊற்றிய மட்டத்திலேயே கிடந்தது.

“ஒரு கை சோடாவப் போடு. யாருக்குத் தெரியப்போவுது?” என்றான் முனியப்பன்.

“எனக்குத் தெரியும்ல? வாசல்ல எழுதிப் போட்டுட்டு இதச் செய்யவா?”

டிரம்மை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே ஜோஸ்பின் வீட்டுக்குப் போனாள். ஆத்தூர்க்காரர்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. கறிக்குழம்பு வாசனை தெருமுனை வரை வந்தது. அடுக்களையில் போய் நின்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அக்கா, மாவு பொங்கல. கம்பளிய நான் இழுத்துக்கிட்டேன்.”

“எதுக்குடி?”

“ஒட்டகச்சிவிங்கிக்கு.”

ஜோஸ்பின் அவளை ஒரு பார்வை பார்த்தார். கோபமா சிரிப்பா என்று அவருக்கே புரியவில்லை போலிருக்கிறது.

“கல்லப் போடுங்கக்கா. வந்தவுக எல்லாத்துக்கும் நானே தோசை சுட்டுத் தாரேன்.”

தோசை ஒன்றும் பிரமாதமில்லை, வெளுத்துப்போய்த்தான் வந்தது. கறிக்குழம்பு அதன் மானத்தைக் காப்பாற்றியது. இட்லி என்னவாயிற்று என்று சம்பந்தியம்மா கேட்க, ஜோஸ்பின் மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். கூடத்தில் ஒரே சிரிப்பு. சிரித்து முடித்ததும், “சரி, எத்தனை எலும்பு?” என்றார் சம்பந்தி. இருபது என்றார் ஒருவர். நாற்பதுக்குக் குறையாது என்றார் இன்னொருவர். புது மாப்பிள்ளை பிராங்க்ளின் பையிலிருந்து போனை எடுத்தான்.

அடுக்களையிலிருந்து தோசைக் கரண்டியோடு மகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். “போன எடுத்தவுகளுக்குத் தோசை கிடையாது தம்பி.”

போன் உள்ளே போனது. ஆத்தூர்க்காரர்கள் கை கழுவும்போதும் எலும்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இட்லியை யாரும் நினைக்கவில்லை. மகேஸ்வரிதான் நினைத்துக்கொண்டே கல்லைத் துடைத்தாள்.

புறப்படும்போது ஜோஸ்பின் புதுக் கம்பளி ஒன்றை அவள் கையில் வைத்தார். பரிசாக வந்தது, பிரிக்கவேயில்லை. “இது மாவுக்கு. பழசு ஒனக்கு. இனிமே ரெண்டு பேரும் சண்ட போடாதீக.” கூடவே வெட்டி வைத்திருந்த விடைப் பக்கங்களையும் நீட்டினார். “இதையும் கொண்டுபோ. இன்னொரு டிரம்மு மாவு வீணாக வேண்டாம்.”

மகேஸ்வரி கம்பளியை வாங்கிக்கொண்டாள். விடைகளைத் தொடவில்லை.

“இருக்கட்டும்க்கா. இன்னும் குளிரு பாக்கி கிடக்கு.”

அன்று ராத்திரி புதுக் கம்பளிக்குள் மாவு, பழைய கம்பளிக்குள் அவள். பக்கத்தைப் புரட்டினாள். கட்டிலில் முனியப்பன் புரண்டு புரண்டு படுத்தான். பிறகு எழுந்து உட்கார்ந்தே விட்டான்.

“ஏ, முப்பதாவது இருக்கும்ல? டீச்சரம்மாட்ட செத்த கேட்டுட்டு வாயேன்.”