எண்ணெய்க்கடை என்று ஒரு குரல்

டெக்சாஸ் வெயிலுக்கு எங்கள் கலிஃபோர்னியா வெயில் மாதிரி மரியாதை தெரியாது. காலையிலேயே வந்து மண்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. காப்பெல் என்கிற ஊரில் ஒரு ஹைஸ்கூல் கிராஜுவேஷன், திறந்தவெளி ஸ்டேடியம். பக்கத்து நாற்காலியில் இருந்த கவிதா கைப்பையிலிருந்து சன்ஸ்க்ரீன் எடுத்து, "பூசிக்கங்கண்ணா, நாளைக்கு மூஞ்சி உரிஞ்சு போயிரும்" என்று நீட்டினாள். மூடியைத் திறந்தால் குப்பென்று தேங்காய் எண்ணெய் வாசனை. அவ்வளவுதான், நான் கலிஃபோர்னியாவில் எங்கள் பழைய மில்பிடாஸ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அதற்கு முன்னால் இங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். கவிதா என் நண்பன் முத்துவின் மனைவி. முத்து போன வருஷம் ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டான். அவர்கள் பெண் யாழினி கீழே நீல அங்கியும் தட்டைத் தொப்பியுமாக வரிசையில் நிற்கிறாள். மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க அந்தந்தக் குடும்பம் மேலேயிருந்து தொண்டை கிழியக் கத்துகிறது. "யாரும் கத்தாதீர்கள், கடைசியில் மொத்தமாகக் கைதட்டலாம்" என்று பிரின்சிபால் முதலிலேயே கேட்டுக்கொண்டார். யார் கேட்கிறார்கள்? யாழினிக்குக் கத்த வேண்டியவன்தான் இல்லை. "என்னால முடியாதுண்ணா, அழுதுருவேன். நீங்க வந்து கொரல் குடுங்க. இந்தத் தடவையாவது குடுங்க" என்று கவிதா போனில் சொன்னாள். அந்த 'இந்தத் தடவையாவது' குத்திய குத்தில்தான் ஃப்ளைட் பிடித்து வந்திருக்கிறேன்.

மில்பிடாஸ் என்றேனே, டாட்காம் கம்பெனிகளெல்லாம் சரிந்து கிடந்த காலம் அது. வேலை இருந்தவனுக்கு மூச்சுவிட நேரமில்லை, வேலை போனவனுக்கு மூச்சு விடுவதைத் தவிர வேறு வேலையில்லை. மில்பிடாஸில் ஒரு இரண்டு பெட்ரூம் அபார்ட்மெண்டில் முத்து, பாஸ்கர், நான் மூவரும் குடியிருந்தோம். கார்ப்பெட் முழுக்க ரசப்பொடி வாசனை. காலி பண்ணும்போது டெபாசிட் திரும்ப வராது என்று எங்களுக்கு அப்போதே தெரியும்.

பாஸ்கர் அமெரிக்கா வருவதற்கு முன் ஒசாகாவில் ஒரு ப்ராஜெக்டில் இருந்தவன். ஜப்பான் போனவனெல்லாம் கேமரா வாங்கி வருவான், இவன் கபுகிப் பைத்தியத்தை வாங்கி வந்திருந்தான். கபுகி அவர்கள் ஊரின் பழைய நாடகம். நம் தெருக்கூத்து மாதிரியே முகத்தில் அப்பிய சாயமும், ஓயாத பாட்டும், காலை உதைத்து ஒரு நிற்பும். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு எப்போதும் மாமியார் மருமகள் காமெடிதான் போடுவோம். அந்த வருஷம் பாஸ்கர் ஜப்பானின் அந்தக் காலத்து நடிகன் ஒருவனுடைய கதையைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்து நின்றான். நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

கதை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மெழுகுவர்த்திக் கடைக்காரன் மகன் ஒருவன் சின்ன வயதில் நாடகக் கொட்டகைக்கு வருகிறான். பெண்கள் மேடையேறக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்ததால் பெண் வேஷமெல்லாம் ஆண்களுக்குத்தான். அந்த ஆண்களும் ரொம்ப அழகாக இருந்து தொலைத்தார்கள் போல. முன்னந்தலையைச் சிரைத்துக்கொண்டுதான் நடிக்க வேண்டும் என்று அடுத்த உத்தரவு. உடனே அவர்கள் சிரைத்த இடத்தில் ஊதாப் பட்டுத்துணியைக் கட்டிக்கொண்டார்கள், அது இன்னும் அழகாகப் போய்விட்டது! வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம். குளிர்காலம் தொடங்கும்போது கொட்டகைக்காரன், இந்த வருஷம் என்னிடம் யார் யார் என்று முகங்களை ஊருக்குக் காட்டுவான். யார் நடிப்பு உசத்தி, யார் மட்டம் என்று புத்தகம் போட்டு விற்பார்கள். மேடையில் ராணி மாதிரி கொண்டாடுகிறவனுக்கு வெளியே மரியாதை கிடையாது, நாடகக்காரர் தெருவை விட்டு வேறு தெருவில் குடியிருக்கவும் விடமாட்டார்கள். அவனோ வீட்டிலும் பெண்ணாகவே இருந்து பழகுவான், கதாநாயகன் முன்னால் வாய் திறந்து சாப்பிடக்கூட மாட்டான். வளர வளரப் பெயர் மாறும். கடைசியில் செத்துப்போன குருவின் பெயரே இவனுக்கு வரும், சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆனால் ஒன்று மட்டும் மாறாது. அவனுடைய வீட்டுப் பெயர். பெரும்பாலும் ஏதோ ஒரு கடையின் பெயர். நடிகன் உச்சக்கட்டத்தில் அப்படியே சிலையாக நிற்கும்போது, கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு ரசிகன் அந்தப் பெயரைச் சொல்லி ஓங்கிக் கூப்பிடுவான். குரல் சரியான நொடியில் விழ வேண்டும். விழுந்தால்தான் அந்த நிற்புக்கே உயிர்.

முத்துவுக்குத்தான் பெண் வேஷம். காங்கேயத்துக்காரன், நல்ல உயரம், கழுத்தைச் சாய்த்தால் அப்படி ஒரு நளினம். அதோடு அவனுக்கு முன்னந்தலை அப்போதே காலியாகிக்கொண்டிருந்தது. "எனக்குன்னே போட்ட சட்டமாட்ட இருக்குதுடா" என்று ஊதா ஜாக்கெட் துணியைக் கட்டிப் பார்த்துக்கொண்டான். வீட்டுப் பெயர் என்ன வைக்கலாம் என்று பாஸ்கர் ஜப்பான் பெயர்களாக அடுக்கினான். முத்து ஒப்பவில்லை. "எங்கப்பன் கடை இருக்குதல்ல? ஊர்ல என்னை எண்ணெக்கடைப் பையன்னுதான் சொல்லுவாங்க. எண்ணெக்கடைன்னே கூப்பிடுங்கடா." மெழுகுவர்த்திக் கடை அன்றைக்கே எண்ணெய்க்கடை ஆனது.

மேக்கப்பும் அந்தக் கடைச் சரக்குதான். அவன் அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் ஜனவரிக் குளிரில் கல்லாக உறைந்திருந்தது. மைக்ரோவேவில் உருக்கி அரிசி மாவில் குழைத்து முகத்தில் அப்பினோம். பார்க்க ஜப்பான், மோந்தால் காங்கேயம்.

எனக்கு ஏன் வேஷமில்லை என்று கேட்பீர்கள். ஒரே ஒரு வசனம் பேசிக் காட்டினேன். "ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் படிக்கிறியா?" என்றான் பாஸ்கர். கூப்பிடுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டான். வீட்டில் பிராக்டிஸ் பண்ணினால் மேல் வீட்டு அம்மாள் தரையைத் தட்டினாள். ஆகவே ஆபீஸ் போகும்போது காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஃப்ரீவேயில் "எண்ணெக்கடை! எண்ணெக்கடை!" என்று அலறிக்கொண்டே போவேன். பக்கத்து லேன்காரன் என்ன நினைத்தானோ.

இந்த நேரத்தில்தான் முத்துவுக்கு ஒரு வரன் வந்தது. பெண் சான் ஹொசேயில் வேலை பார்க்கிறாள், ஃப்ரீமாண்டில் அத்தை வீட்டில் இருக்கிறாள். அந்தப் பெண்தான் கவிதா. ஜாதகம் சரி. போட்டோவும் சரி, ஆனால் அது காலேஜ் போட்டோ, தலை நிறைய முடி. அத்தை மாப்பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும் என்றதும் இந்த மகாராசன், "ஞாயித்துக்கிழம பொங்கல் விழாவுக்கு வந்துருங்க ஆன்ட்டி, ட்ராமால நடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டான். என்ன வேஷம் என்று சொல்லவில்லை. ஏன்டா சொல்லலை என்றால், "அவங்க கேக்கலியே!" என்கிறான். அவனுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. போட்டோவை மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான், பாவி.

விழா அன்றைக்குப் பார்த்து என் தொண்டை போய்விட்டது. காரில் கத்திய கத்தலோடு சளியும் சேர்ந்து, வாயைத் திறந்தால் வெறும் காற்று. போதாததற்கு அத்தையையும் பெண்ணையும் கவனித்துக்கொள்கிற பொறுப்பும் எனக்கே. கடைசி வரிசையில் எனக்கு இந்தப் பக்கம் கவிதா, அந்தப் பக்கம் அத்தை.

திரை விலகி, வெள்ளை முகமும் ஊதாத் துணியுமாக முத்து நடந்து வந்தான். "மாப்பிள்ளை எப்ப வருவார்?" என்று அத்தை கேட்டார். விரலை நீட்டிக் காட்டினேன். அத்தையின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. கவிதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. ஹஸ்கி குரலில் அவளுக்கு விஷயத்தை விளக்கினேன். கடைசிக் காட்சியில் கொட்டகை எரிந்துபோகும், கிழட்டு நடிகன் சாம்பல் மேட்டில் பதினாறு வயதுப் பெண்ணாக ஆடி நிற்பான், அப்போது நான் அவன் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், என் தொண்டையோ இப்படி. "என்ன பேர்?" என்றாள். சொன்னேன். "நெசமாவே எண்ணெய்க்கடையா?" என்று அத்தை குறுக்கே வந்தார். "பிசினஸ் ஃபேமிலின்னாங்க!"

அந்த இடம் வந்தது. முத்து ஆடி, சுழன்று, கழுத்தைச் சாய்த்து நின்றான். நான் எழுந்து வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவன் நிற்கிறான். கால் நடுங்குகிறது, நெற்றியில் மாவு கரைந்து வழிகிறது, ஹாலே அமைதி. எங்கேயோ ஒரு குழந்தை இருமியது. சைட் ஸ்டேஜில் பாஸ்கர் தலையில் கை வைத்துவிட்டான்.

"எண்ணெக்கடை!"

கவிதாதான். எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, அத்தை புடவையைப் பிடித்து இழுக்க இழுக்க. முத்து குரல் வந்த திசைக்கு மெல்லத் தலையைத் திருப்பினான். ஹால் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். பின்னால் மேக்கப் ரூமில் அவன் ஊதாத் துணியை அவிழ்த்துவிட்டு, "முடி விசயம் இதானுங்க" என்று அவள் முன்னால் நின்றான். "தெரியும், மேடையிலேயே துணி நகந்துச்சு" என்றாள். கல்யாணம் வைகாசியில்.

அதன்பின் கூப்பிடுகிற வேலையை முத்துவே எடுத்துக்கொண்டான். டெக்சாஸுக்கு மாறிப்போன பிறகு யாழினியின் சாக்கர் மேட்ச், பாட்டுக் கச்சேரி, ஸ்பெல்லிங் போட்டி, எங்கேயும் ஒரு அமைதி கிடைத்தால் போதும், பின்னாலிருந்து "எண்ணெக்கடை!" அந்தப் பெண் கூனிக் குறுகிப் போவாள். நேற்று இரவு சாப்பிடும்போது என்னிடமும் சொன்னாள்: "அங்கிள், ப்ளீஸ், டோண்ட் டூ தட் திங். இட்ஸ் ஸோ எம்பாரஸிங்."

இப்போது மைக்கில் அவள் பெயர். முத்துவின் பெயரும் சேர்ந்துதான் வந்தது, கடைசிப் பெயராக. கவிதா என் முழங்கையைப் பிடித்தாள். எழுந்தேன். பழையபடி தொண்டை அடைத்தது, இந்தத் தடவை சளியில்லை. அந்தப் பெண் மேடையில் பாதி தூரம் போய்விட்டாள். அடேய் முத்து, என்று ஒரு நினைப்பு வந்து முட்டியது, அதைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"எண்ணெக்கடை!"

அவள் நின்றுவிட்டாள். பிரின்சிபால் நீட்டிய கை அப்படியே இருக்க, பின்னால் வந்த பையன் முட்டிக்கொள்ளப் பார்க்க, கழுத்தை லேசாகச் சாய்த்து, குரல் வந்த திசைக்கு மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அச்சாக முத்துதான். கவிதா அழுதாள், நானும்தான், அதிலென்ன.

வெளியே பார்க்கிங் லாட்டில் தொப்பியும் கையுமாக ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "யூ வேர் லேட், அங்கிள். அப்பா டைமிங்கே வேற" என்றாள். கண் சிவந்திருந்தது.

சங்கத்து விழாவில் இப்போதெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. பாஸ்கர் நாடகம் எழுதுவதை விட்டு எத்தனையோ வருஷம். காங்கேயத்தில் கடை இருந்த இடத்தில் மொபைல் ரிப்பேர் பண்ணுகிறார்கள், முத்துவும் இல்லை. எண்ணெய்க்கடை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இந்த உலகத்தில் யாழினி ஒருத்திதான் மிச்சம். அவளும் காங்கேயம் போனதே இல்லை.