புலிக் கம்பளி

கைருன் பீவி சத்தம் போட்டுப் பேசி எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. மீன் கொண்டுவருகிறவளைக்கூட வாசல் கதவைத் தட்டித்தான் நிறுத்துவாள். பழவேற்காட்டில் பிறந்து, அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். நிக்காஹ் முடிந்த நாலாம் மாதம் புருஷன் ஜலாலுதீன் துபாய்க்குப் போய்விட்டான். வீட்டில் மாமியார் பரக்கத் பீவி, கல்யாணம் ஆகாத நாத்தனார் ஜைனம்பு, இவள். ஒரு கூடம், ஒரு அறை. நடுவில் கதவு கிடையாது, பழைய சேலையில் தைத்த திரைதான்.

எண்பத்தொன்றாம் வருஷம், ஜலாலுதீனோடு ஒரே அறையில் தங்கியிருந்த அப்துல் ஷுக்கூர் மூன்று வார லீவில் ஊருக்கு வந்தார். அவரிடம் ஜலாலுதீன் கொடுத்தனுப்பியவை ஒரு டேப் ரெக்கார்டர், தான் பேசிப் பதிவு செய்த ஒரு கேசட், ஆள் உயரத்துக்குப் புலி படம் போட்ட மஞ்சள் கம்பளி ஒன்று. பழவேற்காட்டு வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. துபாய்க் கம்பளி, அவ்வளவுதான்.

கேசட்டின் ஒரு பக்கத்தில் 'உம்மாவுக்கு' என்றும் மறுபக்கத்தில் 'கைருனுக்கு மட்டும்' என்றும் நீலப் பேனாவில் எழுதியிருந்தது. அதை வாய்விட்டுப் படித்தவள், அண்ணனைக் 'காக்கா' என்று கூப்பிடுகிற ஜைனம்பு.

"மட்டும்னு போட்டு அடியில கோடு வேற போட்டுருக்காரு பாரு எங்க காக்கா! இன்னா மதினி, எங்க காதுல வுழுந்தா தேஞ்சிடுமா?"

உம்மாவுக்கான பக்கத்தைக் கூடத்தில் வைத்து எல்லாரும் கேட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். சலாம், உடம்பு விசாரிப்பு, ஜைனம்புக்கு மாப்பிள்ளை பார்க்கிற விஷயம் என்று அரை மணி நேரம் போயிற்று. மறுநாளே ஜைனம்பு அண்ணன் குரலில் அப்படியே பேசிக்காட்ட ஆரம்பித்துவிட்டாள். தெருவே சிரித்தது. கைருனும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நினைத்தாள்: என் பக்கத்தையும் இவள் கேட்டால்?

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் கூடத்தில் பாயை விரித்துக் கண்ணயர்வாள். பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லும்வரை முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் கைருன் டேப்பை அறைக்குள் எடுத்துப் போனாள். சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் திரைக்கு வெளியே கேட்கும்போலிருந்தது. சுற்றிலும் பார்த்தாள். கட்டில் மேல் புலி படுத்திருந்தது. டேப்பையும் தன்னையும் சேர்த்துக் கம்பளியால் தலையோடு மூடிக்கொண்டாள்.

"கைருன், நல்லாருக்கியா? இதுல கடைசியா உன்கிட்ட ஒண்ணு கேப்பேன். ஷுக்கூர் திரும்பி வரும்போது பதிலைப் பேசி அனுப்பணும். மறுக்கக் கூடாது."

முதலிலேயே இப்படிச் சொல்லிவிட்டு, அவன் சோறு, வேலை, மணல் காற்று என்று எதையெதையோ பேசிக்கொண்டு போனான். பத்து நிமிஷத்தில் குரல் இழுத்தது, குழறியது, நின்றேவிட்டது. பட்டனை அழுத்தினாள். தட்டினாள். உயிர் இல்லை. வியர்வையில் ரவிக்கை நனைய வெளியே வந்தாள்.

சாயங்காலம் மாமியார் தன் பக்கத்தை முழுக்கப் போட்டபோது டேப் நன்றாகப் பேசியது; அதில் கைருனின் பக்கம் மறுபடி முதலுக்கே போய்விட்டது. மறுநாள் கம்பளிக்குள் மறுபடி நின்றது. அன்றைக்கு லேசாகத் தீய்ந்த வாடையும் வந்தது. கேசட்டை வேகமாக முன்னால் ஓட்டிக் கடைசியைக் கேட்கலாம் என்றால், அந்தப் பட்டனைத் தொட்டால் நாடா சிக்கிக்கொள்ளும் என்று ஷுக்கூர் பயமுறுத்தி வைத்திருந்தார். வேறு வழியில்லாமல், "மாமி, டேப்பு அப்பப்போ நின்னு போவுது" என்றாள். எங்கே வைத்துக் கேட்டாள் என்பதைச் சொல்லவில்லை.

டேப் செங்கல்வராயனிடம் போயிற்று. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். முப்பது வயசு, கை சுத்தம். மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, அவனே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஒயரு மாத்திட்டேன் பாயம்மா. பிளக்கு முள்ளு உப்புக்காத்துல பச்சை பூத்திருந்துது, சுரண்டிட்டேன். கடையில நாலு மணி நேரம் உடாம பாடுச்சி. எங்கயும் நிக்கல." பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். "பின்னாடி காத்து போற ஓட்டையில இது அடைச்சிருந்துது. மஞ்சளா, கம்பளி இழை மாதிரி. யாராச்சும் இதைப் போர்த்தி வெச்சீங்களா?"

கைருன் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். அந்த மஞ்சள் எது என்று அவளுக்குத் தெரியும்.

"டேப்பைப் போயி யாரு போர்த்துவா? அதுக்கு இன்னா குளிர் ஜுரமா?" என்றாள் பரக்கத் பீவி. "பெட்டியில துணி சுத்தி வந்துது. அந்தத் தூசியா இருக்கும்."

"அப்போ சரி" என்று போய்விட்டான்.

கூடத்தில் டேப் அருமையாகப் பேசியது. அன்று மதியமே கம்பளிக்குள் நின்றது. இந்தத் தடவை கைருன் அதை வெளியே எடுத்துத் தட்டியது ஜைனம்புவுக்குத் தெரிந்துபோய், "உம்மா, திரும்பவும் செத்துப்போச்சி!" என்று கத்தினாள். பரக்கத் பீவிக்கு ரோஷம் தலைக்கேறியது. தெருக்குழாயில் குடத்தை வைத்துக்கொண்டு நாலு பேர் கேட்கச் சொன்னாள்: "உள்ள இருந்த ஜப்பான் சாமானை உருவிட்டு மெட்ராஸ் சாமானைப் போட்டுட்டான் அந்தச் செங்கல்வராயன். எம் புள்ள வெயில்ல நின்னு சம்பாதிச்ச பொருளு!"

கைருன் அப்போது குழாயடியில்தான் இருந்தாள். குடம் நிரம்பி வழிந்தது. நிமிரவில்லை. இல்லை மாமி, என்னாலதான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால், ஏன் போர்த்தினாய் என்று கேட்பார்கள். புருஷன் குரலைக் கேட்க ஒரு பெண் கம்பளிக்குள் புகுந்தாள் என்று ஜைனம்பு அதை நடித்தே காட்டுவாள். வாயை மூடிக்கொண்டு குடத்தைத் தூக்கினாள். இரண்டு நாளில் பக்கத்துத் தெருக்காரர்கள் தங்கள் ரேடியோவைச் செங்கல்வராயன் கடையிலிருந்து திருப்பி வாங்கி, ரிப்பேருக்குப் பொன்னேரிக்குக் கொண்டுபோனார்கள். அது காதில் விழுந்த அன்று கைருன் தன் சோற்றைத் தட்டோடு மூடி வைத்துவிட்டாள்.

ஷுக்கூர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கிளம்புகிறார். புதன்கிழமை செங்கல்வராயன் தானே வந்தான். வாசலிலேயே நின்றான். முகம் கறுத்திருந்தது.

"பாயம்மா, நீங்க சொன்னது என் காதுக்கு வந்துது. நான் சாமான் மாத்தற ஆளு இல்ல. அது என் கடையில நிக்கல. உங்க கூடத்துலயும் நிக்கல. நிக்குது நிக்குதுன்றீங்க. எந்த இடத்துல நிக்குது? அதை மட்டும் காட்டுங்க. எங்க வெச்சிக் கேக்கறீங்களோ அங்கயே வெச்சிப் போடுங்க. தப்பு என்னுதுன்னா நானே புதுசு வாங்கித் தர்றேன்."

"எங்கன்னா? இங்கதான்" என்று பரக்கத் பீவி கூடத்து மேஜையைக் காட்டினாள். பிறகுதான் அவளுக்கே ஏதோ உறைத்தது. திரும்பி, "கைருனு, நீதானே புள்ள கடைசியா போட்டே? எங்க வெச்சே?" என்றாள்.

ஜைனம்பு மதினியின் முகத்தைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். கைருன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அறைக்குள் போனாள். இரண்டு கையிலும் புலியை அள்ளிக்கொண்டு வந்தாள். மேஜை மேலிருந்த டேப்பின் மேல் கம்பளியைப் போட்டு, நாலு பக்கமும் சொருகி மூடினாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"இப்படித்தான்."

முதலில் ஜைனம்புவுக்குத்தான் விஷயம் பிடிபட்டது; வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். பரக்கத் பீவி அவள் மண்டையில் ஒன்று வைத்துவிட்டுக் கைருன் பக்கம் திரும்பினாள்.

"மதியம் மதியம் அந்தப் புழுக்கத்துல... இதுக்குள்ள நீயும் பூந்துக்கினு இருந்தியா? அடிப் பாவி, மூச்சு முட்டிப் போயிருந்தா எம் புள்ளைக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

செங்கல்வராயன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கரண்டுல ஓடும்போது உள்ள சூடு ஏறும் பாயம்மா. பின்னாடி இருக்கற ஓட்டைங்கதான் அதுக்கு மூக்கு. மூடினா நின்னுடும். ஆறினா ஓடும். பொருள்ல ஒரு குத்தமும் இல்ல. திறந்து வெச்சிக் கேட்டாப் போதும்." போகத் திரும்பினான்.

"அண்ணே" என்று கைருன் கூப்பிட்டாள். அந்த வீட்டில் அவள் அத்தனை சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "அன்னைக்கு நீங்க இழையைக் காட்டினப்பவே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன். தப்பு என்னுது."

அவன் தலையை ஆட்டினான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. படியிறங்கிப் போனான்.

பரக்கத் பீவி சாயங்காலம் வெறும் குடத்தோடு குழாயடிக்குப் போனாள். "டேப்புல குத்தம் இல்லியாம். எங்க வூட்டுலதான் வெக்கத் தெரியாம வெச்சிட்டோம்" என்று பொதுவாகச் சொன்னாள். அதற்கு மேல் இறங்கி வர அவளால் முடியவில்லை. வந்த வழியே தண்ணீர் பிடிக்காமல் திரும்பிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை மாமியாரும் ஜைனம்புவும் புதுக் கேசட்டில் தங்கள் பக்கத்தைப் பேசி முடித்தார்கள். மதியம் பரக்கத் பீவி படுக்கவில்லை. துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஜைனம்பு, கெளம்பு. உங்க பெரியம்மா வூட்டுக்குப் போறோம்."

"இந்த வெயில்லயா? நான் இங்கயே கெடக்கறேன்..."

"எந்திரிடி." அறைத் திரையைப் பார்த்து, தேவைக்கு மேல் சத்தமாக, "அஸர் பாங்குக்குத்தான் வருவோம்!" என்றாள். வெளிக்கதவு சாத்திய சத்தம் கேட்டது.

கைருன் டேப்பைக் கூடத்து மேஜையில் திறந்தபடி வைத்துக் கேட்டாள். பத்து நிமிஷம் தாண்டியது. இருபது தாண்டியது. குரல் இழுக்கவில்லை. கேசட் முடிகிற இடத்தில், ஜலாலுதீன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இங்க எனக்கு நம்பருதான் கைருன். நூத்திப் பதினேழு. சோத்துக்கு நின்னாலும் நூத்திப் பதினேழுதான். நீ ஒருநாள்கூட என் பேரைச் சொன்னதில்ல. 'இந்தாங்க', 'இங்க பாருங்க', அவ்வளவுதான். பொம்பளைங்க சொல்றதில்லனு தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பேரைச் சொல்லி அனுப்பு. வேற எதுவும் பேசலன்னாலும் பரவால்ல."

நாடா சுற்றி முடிந்து பட்டன் டக்கென்று எழும்பியது.

கைருன் புதுக் கேசட்டின் மறுபக்கத்தைப் போட்டாள். சிவப்புப் பட்டனை அழுத்தினாள். சலாம் சொன்னாள். பிறகு வாய் திறக்கவில்லை. நிறுத்தினாள். எழுந்து போய் வெளிக்கதவைத் தாழிட்டாள். மறுபடி அழுத்தினாள். "இந்தாங்க..." என்று வந்தது. நிறுத்தினாள். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"ஜலாலுதீன்."

சொன்னதும் அடிவாங்கியவள்போலத் தலை குனிந்தது. பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. பின்னால் ஓட்டிப் போட்டாள். வெறும் கூடத்தில், ஓட்டுக்கூரைக்குக் கீழே, யாரோ ஒரு பெண் அவள் புருஷன் பேரைச் சத்தமாகச் சொன்னாள். காது வரை சுட்டது. கை தானாக நீண்டு, நேற்றிலிருந்து மேஜைக்கு அடியில் மடித்துக் கிடந்த கம்பளியின் ஓரத்தைப் பிடித்தது.

பிடித்த கையோடு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள். அடுத்த நாள் அந்தக் கேசட்டை ஷுக்கூரிடம் கொடுக்கும்போது, மறுபக்கத்தில் 'உங்களுக்கு மட்டும்' என்று ஒன்றும் எழுதாமல்தான் கொடுத்தாள்.