உச்சியில் நின்ற புள்ளிகள்

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் சலூனுக்கு மாதம் இருமுறை வந்த ஒருவரின் பெயரை நான் கேட்டதே இல்லை. வழுக்கை உச்சியில், ஒட்ட வெட்டிய முடிபோலத் தெரிய, ஊசியால் மைப்புள்ளிகள் குத்தியிருந்தார். இரண்டு வருடத்தில் தானாக மறைந்துவிடும் என்று சொல்லித்தான் குத்தினார்களாம். ஐந்து வருடமாகியும் கறுப்பு நீலமானதே தவிர, மறையவில்லை. கதிரையில் அமர்ந்ததும் தலையைக் கண்ணாடிப் பக்கம் சாய்த்துக் காட்டி, "அண்ணை, போன முறையைவிட மங்கியிருக்கோ?" என்பார்.

"கொஞ்சம்" என்பேன். பொய்தான்.

அவருடைய தகப்பனார் இறந்த அன்று காலை, கொள்ளி வைப்பதற்காக மொட்டையடிக்க வந்தார். வழித்து முடித்தேன். பக்கங்கள் பளபளத்தன, உச்சி மட்டும் வழிக்காததுபோலவே இருந்தது.

"அப்பாவுக்குக்கூட ஒழுங்கா மொட்டையடிக்கேல்லை எண்டு சனம் கதைக்கும் அண்ணை. இன்னொருக்கா வழியுங்கோ."

"ஒரு முடியும் இல்லைத் தம்பி."

"வழியுங்கோ."

வழித்தேன். இரத்தம் துளிர்த்தது, புள்ளிகள் அப்படியே இருந்தன. மறுபடியும் "இன்னொருக்கா" என்றார். கத்தியை மடக்கி, அதன் முதுகை உச்சியில் மெல்ல ஓட்டினேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "இப்ப மங்கியிருக்கோ அண்ணை?"

"கொஞ்சம்" என்றேன்.