சனிக்கிழமை நடந்த தேர்வு

முகையூரை அடுத்த காலனியில் பிறந்த ஜெசிந்தாவின் உயரம் ஐந்தடி பத்தங்குலம். அப்பா அந்தோணிசாமி கரும்பு வெட்டப் போகிறவர். மாதா கோயில் மைதானத்தில் பையன்கள் வாலிபால் ஆடுவார்கள். ஒரு நாள் ஆள் குறைந்ததென்று அவளைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவளை வெளியே நிறுத்த ஒருவராலும் முடியவில்லை.

பிளஸ் டூ முடித்ததும் திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரி விளையாட்டுக்காக அவளைச் சேர்த்துக்கொண்டது. மூன்று வருடமும் அந்த அணியில் பந்தை மேலே ஏறி அடித்தவள் அவள்தான். மூன்றாம் வருடம் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு வந்தது. “செலக்‌ஷன் திங்கக்கெழம. காலைல ஏழு மணிக்கு அங்க இருக்கணும்” என்றார் பயிற்சியாளர் பெரியதம்பி.

திங்கட்கிழமை ஆறரைக்கே போனாள். மைதானம் காலியாகக் கிடந்தது. “அது சனிக்கெழமையே முடிஞ்சி போச்சே பாப்பா” என்றார் காவலாளி. சனிக்கிழமை அவள் இடத்தில் போய் நின்று தேர்வானவள் அருணா. முதலாம் ஆண்டு மாணவி, கல்லூரித் தாளாளரின் மகள்.

அன்று மதியமே ஜெசிந்தா பெரியதம்பியிடம் போய் நின்றாள். பயிற்சி நேரம். மொத்த அணியும் அங்கே இருந்தது.

“இன்னா சார் இப்டி பண்ணிட்டீங்க?”

அவர் விசிலைத் துடைத்துக்கொண்டே பேசினார். “யூனிவர்சிட்டி கோட்டு போட்டுக்கினு நீங்கள்லாம் இன்னா பண்ணப் போறீங்க? மல்லாட்ட புடுங்கற சீசன்தானே, ஊருக்குப் போ.”

நிலக்கடலை பிடுங்கும் கூலிவேலை. அந்த ‘நீங்கள்லாம்’ காலனிக்காரர்களைத்தான் சொல்கிறது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேர் சிரித்தார்கள். அருணா குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா அழவில்லை. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தாள். வரலாற்றின் மேல் ஆசை கிடையாது. இன்னும் இரண்டு வருடம் கல்லூரிப் போட்டிகளில் ஆட வேண்டும், அவ்வளவுதான். அங்கே பெண்கள் அணியே இல்லை. ஓமந்தூரிலிருந்து வரும் மலர்விழி பள்ளியில் பந்து தூக்கிக் கொடுத்துப் பழகியவள் என்று தெரிந்ததும் அவளைப் பிடித்தாள். கபடி ஆடும் மூன்று பேரையும், ஓட்டப்பந்தயத்தில் ஓடும் இரண்டு பேரையும் கெஞ்சியும் திட்டியும் கொண்டுவந்தாள்.

“நாம ஜெயிக்கறதுக்கா ஆடறோம், இல்ல வேற எதுக்காவதா?” என்று ஒரு நாள் மலர்விழி கேட்டாள்.

“திண்டிவனத்துல போய் அந்தாள் மூஞ்சிய பாக்கறதுக்கு.”

ஜெசிந்தா மறைக்கவில்லை. அருணாவோடு ஒரு வருடம் ஆடியிருந்ததால் அவளுடைய ஆட்டம் அத்துப்படி. இடது தோளுக்குப் பக்கத்தில் வேகமாக வரும் பந்தை அருணாவால் எடுக்க முடியாது; கை குழம்பிவிடும். கோர்ட்டின் மறுபக்கம் அருணா நிற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதன் இடது கைப்பிடியைக் குறிவைத்து தினமும் நூறு சர்வீஸ் போட்டாள். முதல் மாதம் பத்துகூட படவில்லை. ஐந்தாவது மாதம் கைப்பிடி உடைந்தது. வேறு நாற்காலி கொண்டுவந்தாள்.

கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி திண்டிவனத்தில், அந்தக் கல்லூரியின் மைதானத்திலேயே நடந்தது. விழுப்புரம் அணி அதுவரை வந்ததே பெரிய விஷயம் என்று எல்லாரும் நினைத்தார்கள். முன்வரிசையில் தாளாளர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு செட் அவர்களுக்கு, இரண்டு செட் இவர்களுக்கு. கடைசி செட்டில் ஏழுக்கு ஐந்து என்று திண்டிவனம் முன்னால் இருந்தபோது சர்வீஸ் ஜெசிந்தாவின் கைக்கு வந்தது.

முதல் பந்து அருணாவின் இடது தோளில் பட்டு வெளியே போனது. இரண்டாவதும் அங்கேதான். மூன்றாவதும். அருணாவின் முகம் சிவந்தது. பெரியதம்பி மாற்று ஆட்டக்காரியைக் கூப்பிட்டு எழுப்பினார். பிறகு முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். தாளாளரின் மகளைத் தாளாளர் கண்ணெதிரே வெளியே உட்காரவைக்கும் தைரியம் அவருக்கு இல்லை. எழுந்தவளை உட்காரச் சொல்லிவிட்டார்.

ஜெசிந்தா அதைப் பார்த்தாள். அடுத்த பந்தையும் அங்கேயே அனுப்பினாள். தொடர்ந்து பத்துப் புள்ளி; பதினைந்துக்கு ஏழு என்று விழுப்புரம் ஜெயித்தது. கடைசிப் பந்து தோளில் பட்டபோது அருணா அழுதுகொண்டிருந்தாள்.

கை குலுக்கும்போது அருணா கேட்டாள்: “நான் இன்னாக்கா பண்ணேன் உங்களுக்கு?”

“நீ ஒண்ணும் பண்ணல. அதுக்காக உட முடியாது.”

அந்த வருடம் பல்கலைக்கழக அணிக்கு ஜெசிந்தாதான் கேப்டன். மலர்விழியும் தேர்வானாள். கேரளத்தில் நடந்த தென்மண்டலப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே ஜெசிந்தாவின் விரல் பிசகியது. பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு இறுதி ஆட்டம் வரை அடித்தாள். கோப்பையோடு திரும்பியபோது திண்டிவனத்தில் பெரிய பேனர் வைத்திருந்தார்கள். ‘எங்கள் கல்லூரி தந்த சாம்பியன்’ என்று அவள் படம். பக்கத்தில் அதே அளவில் பெரியதம்பி, ‘உருவாக்கிய கரங்கள்’ என்ற எழுத்தோடு.

பாராட்டு விழாவுக்கு அழைத்தார்கள். “போவாத பாப்பா, அசிங்கமாயிடும்” என்றார் அந்தோணிசாமி. அவள் போனாள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. பெரியதம்பி சால்வையோடு எழுந்து வந்தபோது கையை நீட்டி நிறுத்திவிட்டு மைக்கை வாங்கினாள்.

“போன வருஷம் சனிக்கெழம நடந்த செலக்‌ஷன, திங்கக்கெழமன்னு எங்கிட்ட சொன்னாரு பெரியதம்பி சாரு. கேட்டதுக்கு மல்லாட்ட புடுங்கப் போகச் சொன்னாரு. என்னை உருவாக்குனது அதான். வேற எதுவும் இல்ல.”

தாளாளர் பெரியதம்பியைப் பார்த்தார். பெரியதம்பி சால்வையைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு பெண் எழுந்து நின்று, “ஆமா, நாங்க இருந்தோம், அவரு சொன்னாரு” என்றாள். அருணா.

ஜெசிந்தா அதோடு விடவில்லை. தேர்வு சனிக்கிழமை என்று தேதி போட்டுக் கல்லூரிக்கு வந்திருந்த சுற்றறிக்கையின் நகலை இணைத்துப் பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினாள். பெரியதம்பி தேர்வுக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். வேலை போகவில்லை. அது அவளுக்கு இன்றைக்கும் குறைதான்.

இப்போது அவள் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். போன மாதம் விழுப்புரத்திலிருந்து புறப்பட்ட ரயிலில், ஜன்னலோரம் பெரியதம்பி உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. எழுந்து நின்றார்.

“நல்லா இருக்கியாம்மா?”

அவள் கையை நீட்டினாள். அவர் டிக்கெட்டைக் கொடுத்தார். தேதியை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, அடுத்த இருக்கைக்கு நகர்ந்தாள்.

திண்டிவனம் பள்ளி வேலைக்கு அதே ரயிலில் போகும் மலர்விழி எதிரில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். வாசல் பக்கம் வந்ததும், “ஒரு வார்த்த பேசியிருக்கலாமேடி, வயசானவரு” என்றாள்.

“பேசிட்டா அவருக்கு நிம்மதியாயிடும்” என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா அடுத்த பெட்டிக்குப் போனாள்.