நீலக் கதவில் சுருள் கீறல்

1. வெயிலில் நிறுத்திய வான்

கராஜுக்குள் நின்றவரைக்கும் அந்தக் கதவில் எந்தக் குறையும் தெரியவில்லை. வானை வெளியே எடுத்துக் காலை வெயிலில் நிறுத்தியதும் அதன் சொந்தக்காரர் சுரேஷ் குனிந்து பார்த்தார். நிலாவெளி ஹோட்டல்களுக்கு வரும் வெளிநாட்டுக்காரரை ஏற்றி இறக்குகிறவர் அவர். கருநீல வான். இழுத்துத் திறக்கும் பக்கக் கதவு இடிபட்டு, நாங்கள்தான் தட்டி நிமிர்த்திப் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தோம்.

"யோகண்ணை, இதென்ன இது? தலைமயிர் சுருண்டு ஒட்டிக்கொண்டு கிடக்கிறமாதிரி இருக்கு?"

விரலால் தட்டிவிடப் பார்த்தேன். போகவில்லை. ஒட்டியது அல்ல, கீறல். சின்னச் சின்னச் சுருளாகக் கதவு முழுக்கக் கிடந்தது. முப்பது வருசம் பெயின்ற் வேலை செய்கிறவன் நான். என் கையால் முடித்த கதவில் வாடிக்கையாளர் விரல் வைத்துக் குறை காட்டுவதா?

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். அடித்த பெயின்ற் காய்ந்தால் மேற்பரப்பு தோடம்பழத் தோல் மாதிரிக் குழி குழியாக நிற்கும். மேலே இருப்பது நிறமில்லாத படை, அதைக் கிளியர் என்போம். தண்ணீர் தெளித்து நைசான சாண்ட்பேப்பரால் கிளியரைத் தேய்த்துச் சமப்படுத்தி, பிறகு பொலிஷ் போட வேண்டும். முன்பெல்லாம் கையால் தேய்ப்போம், தோள் கழன்றுவிடும். இப்போது பொலிஷர் மெசினில் மூவாயிரம் நம்பர் டிஸ்க்கை, அதாவது வட்டமாக வெட்டிய நைசான பேப்பரை, ஒட்டித் தேய்க்கிறோம். கையால் அரை நாள் எடுத்த வேலை மெசினில் அரை மணித்தியாலம். பிழை விடுவதும் அதே வேகத்தில் விடலாம். ஏனென்றால் அந்தக் கிளியர் ஒரு தலைமயிரின் தடிப்புக்குக் கிட்டத்தான் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது எங்கள் கராஜின் சட்டம்.

முதலாளி வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனால் பொல்லாத கண். கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்பிடி வந்தது அண்ணை?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல். அது என் வாயில் வரவில்லை. "தண்ணியில மண் இருந்திருக்கு. போத்தலுக்குத் தண்ணி நிரப்பினது நிலாம்தானே" என்றேன்.

நிலாம் கிண்ணியா ஆள். என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு கெட்டுப்போய், எட்டு வருசத்துக்கு முன் எங்களிடம் வந்தவர். டேப் ஒட்டுவது, தெளிக்கிற போத்தலுக்குத் தண்ணீர் நிரப்புவது, வேலை முடிந்த வாகனத்தைக் கழுவுவது அவருடைய பொறுப்பு. பாரம் தூக்கத் தேவையில்லாத வேலை என்று அவருக்கு இது ஒன்றுதான் கிடைத்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

முதலாளி அவரைக் கூப்பிட்டார். "நிலாம், கொஞ்ச நாளைக்கு வீட்டில நில்லுங்கோ. தேவையெண்டா சொல்லியனுப்புறன்."

எங்கள் இடத்தில் அப்படிச் சொல்லி அனுப்பிய ஒருவரையும் திரும்பக் கூப்பிட்டது கிடையாது. நிலாமுக்கும் அது தெரியும். போத்தலைக் கவிழ்த்து வைத்தார், கையைக் கழுவினார், என் முகத்தைப் பார்க்காமல் பஸ் எடுக்கப் போனார்.

சுரேஷ் மட்டும் இரக்கப்பட்டு நாலு நாள் தவணை தந்தார். "சனிக்கிழமை காலமை எனக்கு ஆக்கள் வருகினம் அண்ணை. அதுக்குள்ள தந்திடுங்கோ."

2. நானே நிரப்பிய தண்ணீர்

புதன்கிழமை கதவை மறுபடி தொடங்கினேன். இந்த வேலையைப் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது மெசினை அல்ல, பிளக்கை. தண்ணீரும் கரண்டும் ஒன்றாகப் புழங்கும் வேலை இது. கரண்ட் கசிந்தால் தானே விழுகிற ட்ரிப் சுவிட்ச் இல்லாத இடத்தில் நான் மெசினைத் தொடமாட்டேன். வயர் தோளுக்கு மேலால் முதுகுப் பக்கம் போக வேண்டும், நிலத்து ஈரத்தில் கிடக்கக்கூடாது. குழாய் பிடித்து அடிக்கிற வேலையே இல்லை, போத்தலால் நாலைந்து தரம் தெளித்தால் போதும். காலுக்குக் கீழே தண்ணீர் தேங்கினால் முதலில் அதைத் துடை. "ஒண்டும் நடக்காது அண்ணை" என்று சொல்லுகிறவனை அன்றைக்கு மெசின் பக்கமே விடமாட்டேன்.

அடுத்தது ஓரங்கள். விளிம்பிலும் மடிப்பிலும் பெயின்ற் மெல்லிசாகத்தான் நிற்கும். அங்கே டிஸ்க் பட்டால் கண்மூடித் திறப்பதற்குள் கிளியர் போய் நிறம் வெளிவந்துவிடும். அதனால் டேப் ஒட்டி மூடுவோம். டிஸ்க்கைக் கதவில் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போடுவது, சுழற்சி நின்ற பிறகுதான் எடுப்பது. வேகம் குறைவு. கையால் அமத்தக்கூடாது, தொட்டுக்கொண்டு போனால் போதும். ஒரு சுற்றுப் போய், வெள்ளையாகக் கசியும் சேற்றை என் மஞ்சள் துவாயால் துடைத்து, டோர்ச் அடித்துப் பார்த்து, மறுபடி தெளித்து அடுத்த சுற்று.

எல்லாம் முறைப்படி செய்தேன். போத்தலை மூன்று தரம் அலசித் தண்ணீரை நானே நிரப்பினேன். பழைய சுருள்கள் மறைந்தன. வேறு இடங்களில் புதிய சுருள்கள் வந்து நின்றன.

தடிப்பு அளக்கும் மீற்றரை வைத்துப் பார்த்தேன். இரண்டு தரம் தேய்த்ததில் பதினாறு மைக்ரோன் போயிருந்தது, எங்கள் சட்டப்படி இருபத்தைந்தோடு நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு தரம் தேய்க்கலாம், அவ்வளவுதான். அதிலும் பிழைத்தால் கதவு முழுக்கத் திரும்பப் பெயின்ற் அடிக்க வேண்டும், சனிக்கிழமையை மறந்துவிட வேண்டியதுதான்.

தண்ணீர் நான் நிரப்பியது. நிலாமோ வீட்டில். அப்போதே முதலாளியிடம் போய், "அந்த மனுசனில பிழையில்லை" என்று சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. டிஸ்க் விற்ற கடைக்காரருக்கு ஃபோன் எடுத்துக் கத்தினேன்.

"என்ன சாமான் ஐசே விக்கிறீர்? மண்ணை ஒட்டி அனுப்புறீரோ?"

அவர் பொறுமையான ஆள். "அண்ணை, அதே பெட்டியில இருந்து டவுனில மூண்டு கராஜுக்குக் குடுத்தனான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. உங்களுக்கு மட்டும்தான் சுருள் வருது."

டக்கென்று ஃபோனை வைத்துவிட்டேன். ஆனால் அந்த "மட்டும்" மண்டைக்குள் இருந்து குடைந்துகொண்டே இருந்தது.

3. எட்டுக் கட்டம்

வியாழக்கிழமை காலை, கராஜின் பின்பக்கம் கிடந்த பழைய கறுப்புப் பொனற் ஒன்றை, அதாவது காரின் எஞ்சின் மூடியை, இழுத்து வந்து மேசையில் போட்டேன். டேப் ஒட்டி எட்டுக் கட்டமாகப் பிரித்தேன். ஒரு கட்டத்துக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவது என்று திட்டம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நிலாமைக் காப்பாற்றுவதற்காக இந்தப் பாடு படவில்லை. எப்படியாவது தண்ணீரில்தான் பிழை என்று கண்டுபிடித்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்வதற்காகத்தான்.

முதல் கட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர். சுருள். இரண்டாவதுக்குக் கடையில் வாங்கிய குடிதண்ணீர். அதிலும் சுருள். தண்ணீர்க் கதை அத்தோடு முடிந்தது. மூன்றாவதுக்குப் புது டிஸ்க், நாலாவதுக்கு மற்ற மெசின், ஐந்தாவதுக்கு வேகத்தை இன்னும் குறைத்தேன். எல்லாவற்றிலும் சுருள். அதற்குள் என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இது எங்கிருந்துதான் வருகிறது? அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. சோற்றுப் பார்சலைக்கூடத் திறக்கவில்லை. "யோகண்ணைக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஆறாவதுக்கு எதை மாற்றுவது என்று தெரியாமல் பழையபடியே ஒரு சுற்றுப் போய் முடிய, கரண்ட் போனது. மெசினின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சேறு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. தண்ணீர் தெளித்து ஓடவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சுருள்கூட இல்லை.

அடடா, அந்த நேரம் எனக்குச் சந்தோசத்தில் வந்த புளுகம்! அதே தண்ணீர், அதே டிஸ்க், அதே மெசின். ஒன்றுதான் வித்தியாசம். அந்தக் கட்டத்தை நான் துவாயால் துடைக்கவில்லை.

கரண்ட் வந்ததும் அதே கட்டத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு சுற்றுப் போனேன். நாலு சுருள். இன்னொரு மஞ்சள் துவாயை எடுத்துப் பொனற்றின் காய்ந்த பக்கத்தில் உதறினேன். ஒன்றும் விழவில்லை. நன்றாகத் தட்டினேன். டோர்ச் வெளிச்சத்தில் பொடி மணல் மினுங்கியது.

புளுகம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. அந்தத் துவாய்கள் என்னுடையவை. கராஜில் ஒருவரும் ஒழுங்காகத் தோய்க்கமாட்டார்கள் என்று, சல்லிக் கிராமத்தில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியைக் கொண்டு தோய்ப்பித்துக் கொண்டுவருவேன். வேறு யாரும் தொடக்கூடாது. எங்கள் வளவு கடற்கரையோடு கிடக்கிறது. கச்சான் என்கிற பலத்த காற்றுத் தொடங்கி இரண்டு கிழமை ஆகியிருந்தது. கொடியில் காயும் துவாய்க்குள் அந்தக் காற்று மணலை அடித்து ஏற்றிவிடுகிறது. துடைக்கும்போது ஒரு மணல் கதவில் தங்கிவிடும். அடுத்த சுற்றில் அது டிஸ்க்குக்குக் கீழே அகப்பட்டு, மெசின் சுற்றுகிறபடி தானும் சுற்றிக் கீறும். இவ்வளவுதான் விஷயம்.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மணலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "அப்ப வீட்டில அக்கா தோய்ச்சதுதான் பிழையோ?"

பாருங்கள், எவ்வளவு சுலபமான வழி! ஓம் என்று சொன்னால் கதை முடிந்தது. சொல்லத்தான் வாயெடுத்தேன். நல்ல காலம், எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"இல்லை முதலாளி. வெளியில வெயிலில காயப்போடச் சொன்னது நான். நிலாமிலயும் ஒரு பிழையும் இல்லை. எல்லாம் என்ர பிழை."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் ஃபோன் எடுக்கமாட்டன்."

4. கிண்ணியாவில்

அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளை எடுத்துச் சீனன்குடாவால் போய்ப் பாலம் தாண்டினேன். நிலாம் வீட்டு வாசலில் மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போய்க் கதிரை கொண்டுவந்து போட்டார்.

"வாங்க அண்ணே, இரிங்க. தேத்தண்ணி குடிப்பம்."

திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொனற், கட்டங்கள், கரண்ட் போனது, துவாயில் மணல். மன்னிப்பும் கேட்டேன்.

அவர் எல்லாம் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "துடைச்ச பிறகுதான் கீறுதெண்டு எனக்குத் தெரியும் அண்ணே."

"என்ன?"

"முதல் நாளே கண்டன். நீங்க முதல் சுற்றுப் போகக்குள்ள ஒண்டும் இல்ல. துடைச்சிட்டுப் போனாத்தான் வருது. நான் கீழ குந்தியிருந்து டேப் பார்க்கிறவன்தானே, அங்க இருந்து நல்லாத் தெரியும்."

"அப்ப ஏன் ஐசே சொல்லேல்ல? வேலை போகுது, வாயைத் திறக்காமல் போனீரே!"

"துவாய் உங்கட துவாய். அதைப் பத்திக் கதைச்சா நீங்க கத்துவீங்க. முதலாளியும் உங்கட கதையத்தான் நம்புவார்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் ஒரு நாளை வீணாக்கி, பொனற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கண்டுபிடித்ததை, ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த மனுசன் நின்ற இடத்திலேயே சொல்லியிருப்பார். அப்போதுதான் கதிரையில் இருந்தேன். தேத்தண்ணி வந்தது, குடித்தேன்.

"நாளைக்கு வாங்க நிலாம்" என்றேன். அதுவரை அவரை நான் "வாரும்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், மரியாதையாக "வாங்க" என்று சொன்னதில்லை. "கடைசித் தரம் தேய்க்கிறன். நீங்கள் பக்கத்தில நிக்கோணும்."

"வாறன் அண்ணே. சுருளை எனக்கும் ஒருக்காக் காட்டுங்க, அந்தப் பொனற்றில" என்றார்.

5. மூன்றாம் தரம்

வெள்ளிக்கிழமை மஞ்சள் துவாய்களை மெசின் பக்கமே கொண்டுபோகவில்லை. கண்ணாடி வழிக்கிற ரப்பரால் சேற்றை இழுத்துவிடுவது, புதுத் துணிகளை நிலாமே தோய்த்து உள்ளே காயப்போட்டு மூடி வைப்பது என்று பேசிக்கொண்டோம். அவர் டேப் ஒட்டினார். நான் மெசினைக் கதவில் வைத்தேன்.

முதல் சுற்றுச் சுத்தம். ரப்பரால் வழித்தோம். இரண்டாவது சுற்றுப் பாதியில் போகும்போது நிலாமின் சத்தம் கேட்டது.

"நிப்பாட்டுங்க அண்ணே!"

ஏன் என்று கேட்கவில்லை. சுவிட்சை விட்டேன். கதவின் கீழ் மடிப்பில் ஒட்டிய டேப் ஈரத்தில் கிளம்பி, ஒரு விரல் நீளத்துக்கு மடிப்பு வெளியே நின்றது. டிஸ்க் அதற்கு அரை அங்குலம் மேலே. நான் நின்ற இடத்திலிருந்து அதைக் காண வழியே இல்லை. அந்த அரை அங்குலம் இறங்கியிருந்தால் கதவு போயிருக்கும்.

டேப்பை மாற்றி மீதியை முடித்தோம். கம்பவுண்ட் போட்டு, பொலிஷ் போட்டு, வானை வெளியே எடுத்தோம். சனிக்கிழமை விடிய சுரேஷ் வந்து குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், "நல்லது அண்ணை" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது எங்கள் கராஜில் புதிதாக ஒரு சட்டம் இருக்கிறது. மெசின் ஓடும்போது யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த வேண்டும். கூட்டித் துடைக்கிறவர் சொன்னாலும், சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிற வாடிக்கையாளர் சொன்னாலும் நிறுத்த வேண்டும். காரணத்தை நிறுத்திய பிறகு கேட்கலாம். மெசின் பிடிக்கிறவனுக்குத் தெரிவது டிஸ்க் ஓடுகிற இடம் மட்டும்தான். மற்றதெல்லாம் பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். என்னிடம் வேலை பழக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. அவர்களுக்கு நான் கடைசியாகச் சொல்வது, அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நானும் நிலாமும் கை கழுவிக்கொண்டிருந்தபோது நடந்ததை.

"எட்டு வருசத்தில இப்பிடி எத்தினை தரம் கண்டும் சொல்லாமல் விட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

நிலாம் சவர்க்காரத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"எண்ணி வைக்கயில்ல அண்ணே."